எண்ணெய் குடித்த முறுக்கு மாவு

ஒத்தக்கடைப் புதுவீட்டை மந்திரிக்கச் சர்ச்சிலிருந்து சாமியார் வர ஒரு மணிநேரம்தான் இருந்தது. காரின் ஆயில் ஃபில்டரை நானே மாற்றியதில் போர்டிகோ வெள்ளை டைல்ஸ் முழுக்கக் கறுப்பு எண்ணெய். என் மூளைக்கு எட்டியபடி தண்ணீர் ஊற்றினேன்; வாசல்வரை பரவியது. இனி ஓடிப்போவதுதான் பாக்கி.

அந்தக் கருகல் வாடை என்னைக் காளவாசல் வாடகை வீட்டுக்கு இழுத்துப்போனது. அப்போது மூன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பாவின் ஸ்கூட்டரும் இப்படித்தான் ஒழுகியது. "வீட்டுக்காரம்மா வருதுடா, கோலமாவு கொண்டா!" என்று அலறினார். வேதக்காரர் வீட்டில் கோலமாவுக்கு எங்கே போவது? அம்மா சலித்துவைத்த முறுக்கு மாவைக் கொட்டினேன். தரை பளிச்சென்றானது, அந்த வருடம் முறுக்கு இல்லை.

இப்போதும் நைசாக அடுப்படிக்குள் நுழைந்தேன். மாவு டப்பாவை மடியில் வைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வருவேன்னு தெரியும்டா. போ, உன் புதுச்சட்டையக் கழத்தித் தொடச்சிடு!"