லைன் ஆன்ல கீது!

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில், உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் வழியில் உள்ள ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். நான் அப்போது அந்த வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், மேலேயிருந்து வரும் திட்டங்களைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் வேலை.

அப்படி வந்த திட்டங்களில் ஒன்று இது. காஞ்சிபுரத்தில் ஓர் ஆங்கில ஆசிரியை கேமரா முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவார். கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் திரையில் அவரைப் பார்த்துப் படிப்பார்கள், சந்தேகமும் கேட்பார்கள். முதலில் இந்த ஊர்ப் பள்ளியில் மட்டும் நடத்திப் பார்த்து, அதை வைத்து மற்றப் பள்ளிகளுக்கும் விதிமுறைகள் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விதி போடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வீட்டில் சோப்பு டப்பாவை எங்கே வைக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி வைத்திருப்பவள் நான். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி வரக்கூடாது, ஆகவே செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும். ஈரக் கையோடு எதையும் தொடக்கூடாது. பதிவு செய்த மாணவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைக்கு அனுமதி. பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் கணீரென்று படித்தேன். "திங்கட்கிழமையிலிருந்து உங்க பிள்ளைங்க ஆன்லைன்ல உட்கார்ந்து படிக்கப்போறாங்க" என்று பெருமையாக முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஆளுக்கொரு சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு சுமுகமாக ஒரு கூட்டம் நடந்ததே இல்லை என்று தலைமையாசிரியையிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அந்த அறையில் சத்துணவு அமைப்பாளரின் மகனும் இன்னும் இரண்டு பேரும்தான். மற்றவர்களெல்லாம் பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஆனால் வகுப்பில் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் வரவில்லை. ஏன் என்றால், "எங்கம்மா வேணான்னு சொல்லிச்சி மிஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திரையில் காஞ்சிபுரம் ஆசிரியை காலி நாற்காலிகளைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியைக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் இல்லையென்றால் கம்ப்யூட்டரும் தொலைபேசி இணைப்பும் வேறு பள்ளிக்குப் போய்விடும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்க ஆளே இல்லாத பள்ளி அது. அவர் ஒருவராக எத்தனை பாடத்தைத்தான் பார்ப்பார்?

எனக்கோ அழுகை வரவில்லை, கோபம் வந்தது. வீடு தேடி வரும் படிப்பை வேண்டாம் என்கிறார்களே! மனசுக்குள் ஒரு பிரசங்கத்தையே தயார் செய்துகொண்டு, சாயங்காலம் தலைமையாசிரியையோடு ஊர்க்கோடியில் இருக்கும் குடியிருப்புக்குப் போனேன். வராத பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான். களையெடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் தெருக்குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா அவர்களில் இருந்தார். நல்ல உயரம், கணீர்க் குரல். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு. அதைப் போய் நிறுத்தலாமா?"

"யாரு நிறுத்துனது? ஸ்கூலுக்கு அனுப்ச்சிக்கினுதான் கீறேன். அந்த ரூமுக்குத்தான் அனுப்ப மாட்டேன்."

"அந்த ரூம்ல என்னம்மா இருக்கு?"

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா, தெரியாத மாரி கேக்கறீங்கோ? லைன் ஆன்ல கீது, அதுல புள்ளைங்கள குந்த வெச்சிப் படிக்க வெப்போம்னு கூட்டத்துல நீங்கதான சொன்னீங்கோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விடவில்லை. "செருப்பக் கயட்டிட்டு வெறுங்காலோட வரணும்ன்றீங்கோ. கை ஈரமா இருந்தா ஆவாதுன்றீங்கோ. வேற யாரும் உள்ள வரக்கூடாதுன்றீங்கோ. எல்லாத்துக்கும் மேல, முன்னாடியே கையெழுத்து வேற கேக்கறீங்கோ. ஆஸ்பத்திரில ஆப்பரேசனுக்குத்தான் அப்பிடிக் கேப்பாங்கோ, செத்துப்போனா நாங்க பொறுப்பில்லன்னு!"

குழாயடியில் இருந்த அத்தனை பெண்களும் "அதான?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைன் என்றால் அந்த ஊரில் கரண்டுக் கம்பி. அதில் மின்சாரம் ஓடினால் 'லைன் ஆன்ல கீது.' நான் ஆன்லைன், ஆன்லைன் என்று முழங்கியதை அவர்கள் வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்? நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒவ்வொரு விதியும் அந்தப் பயத்துக்கு ஆணி அடித்திருக்கிறது.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் அப்படியே அடங்கிவிட்டது. "எங்க வூட்டுக்காரு போன மழையில கழனியில அறுந்து கெடந்த கம்பிய மிதிச்சிட்டாரு. லைன் ஆப்ல கீதுன்னு நெனச்சிதான் போனாரு. ஏதோ என் தாலி கெட்டி. சோத்துக் கை இன்னும் ஒயுங்கா மடங்கல." அந்தக் கணவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர்கள் மகள், எல்லாம் உன்னால்தான் என்பது போல என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்துச் சொல்லாமலா இருந்திருப்பாள்? அம்மா கேட்கவில்லை.

தயார் செய்துகொண்டு போன பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். "இது அந்த லைன் இல்லம்மா, போன் லைன்" என்றேன்.

"அதுவுங் கம்பிதான?" என்றார்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. "சரிம்மா. பிள்ளைங்க அப்புறம் வரட்டும். நாளைக்குக் காலையில நீங்கள்லாம் வந்து உட்கார்ந்து பாருங்க. செருப்போடயே வாங்க" என்றேன். தலைமையாசிரியை என் காதருகில், "மிஸ், நம்ம ரூலு?" என்றார். ரூலாவது ஒன்றாவது!

மறுநாள் ஏழெட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் வந்தார்கள். அந்தக் கணவரும் வந்தார், கையில் காய்ந்த மூங்கில் கழியோடு. யாரையாவது கரண்டு பிடித்துக்கொண்டால் தட்டிவிட! "மெயின் எங்க கீது?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. வராந்தாவில் இருந்த மெயின் சுவிட்சைக் காட்டினேன். "நீ உள்ள போ. நான் இங்க நிக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சுவிட்சின் மேல் இடது கையை வைத்தபடி காவலுக்கு நின்றார்.

புதிதாக விரித்த தரை விரிப்பின் மேல் சேற்றுச் செருப்புகள் நடந்தன. தலைமையாசிரியை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தார். இணைப்பு கிடைத்தது. காஞ்சிபுரம் ஆசிரியை திரையில் தோன்றி, "வணக்கம்மா" என்று கும்பிட்டார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு.

"ஏதாவது கேளுங்கம்மா, பதில் சொல்வாங்க" என்றேன்.

என்ன கேட்பது? அந்த அம்மா என்னைப் பார்த்தார், மற்றப் பெண்களைப் பார்த்தார், திரையில் இருந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நாஷ்டா துன்னியா கண்ணு?"

அந்தக் காலத்து இணைப்பில் சத்தம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். பதில் வராததைப் பார்த்து, இந்தக் கழனியிலிருந்து அந்தக் கழனிக்குக் குரல் கொடுப்பது போல, "நாஷ்டா துன்னியாம்மா?" என்று கத்தினார். இரண்டு கேள்வியும் சேர்ந்து அங்கே போய் விழுந்திருக்க வேண்டும். ஆசிரியை திடுக்கிட்டு, "இல்லம்மா... பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு அப்படியே வந்துட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். நாற்காலி நுனியில் இருந்தவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "இன்னாது, துன்னலியா? வயசுப் பொண்ணு வெறும் வயித்தோட கத்திக்கினு கெடந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? ஒங்கம்மா ஒண்ணுங் கேக்காதா?" என்று பிடித்துக்கொண்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணம் ஆயிடுச்சா, எந்த ஊரு, பஸ்ஸு எத்தனை மணிக்கு என்று ஒரே விசாரணை. ஆசிரியையும் தலையைத் தலையை ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அறை முழுக்கச் சிரிப்பு. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மெயினருகில் நின்றவர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போகும்போது அந்த அம்மா என்னிடம், "நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஏம் புள்ளைய வரச் சொல்றேன்" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "நாளைக்குத் துன்னுட்டு வா, இன்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அதிகாரிகள் வந்த அன்று உட்கார நாற்காலி போதவில்லை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கம்ப்யூட்டர் எங்கேயும் போகவில்லை. என்னை முறைத்த பெண் முதல் வரிசையில் இருந்தாள். இப்போதும் முறைத்தாள், பக்கத்தில் பேசிய பையனை!

நான் விதிமுறைகளை மறுபடி எழுதினேன். ஆன்லைன் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, பிள்ளைகள் வைத்த பெயரையே, 'காஞ்சிபுரம் மிஸ் வகுப்பு' என்று போட்டேன். எந்த ஊரில் தொடங்கினாலும் முதல் வகுப்பு பெற்றோருக்குத்தான் என்று சேர்த்தேன். மாவட்டக் கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி, "அதென்னம்மா, 'பெற்றோர் செருப்பு அணிந்து வரலாம்' என்று ஒரு விதி?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அந்த விதி அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ திட்டங்களை எத்தனையோ ஊர்களில் படித்துக் காட்டியிருக்கிறேன். எல்லாரும் பேசாமல் தலையாட்டினால் எனக்கு இப்போதும் நம்பிக்கை வருவதில்லை, யாராவது ஒரு அம்மா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு வந்தால்தான் நிம்மதியாக இருக்கிறது.