வெர்னா அனுப்பிய பதில்

வெர்னா அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாகத் தொலைபேசி எடுக்கிறாள். அழைப்பவர் ஒரு மசோதாவை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்று கேட்டு, எண்ணிக்கைத் தாளில் அந்தப் பக்கம் ஒரு கோடு போட வேண்டும். ஊழியர்கள் தங்களுக்கென்று கோடு போட்டுக்கொள்ளக் கூடாது.

நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கான மருத்துவமனையின் நிதியை நிறுத்தும் மசோதா வந்தது. அங்கேதான் அவள் அண்ணன் டெல்மர் சிகிச்சை பெற்றுவந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தினமும் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

“எதிர்ப்புன்னு போடு. உன் கோட்டையும் என் பேர்ல சேர்த்துக்கோ.”

“ஒரு தடவை கூப்பிட்டா ஒரு கோடுதாண்ணே.”

“சரி, கொஞ்சம் நீளமா இழு.”

எதிர்ப்பு நானூற்றுப் பதினொன்று, ஆதரவு ஆறு. உறுப்பினர் மசோதாவை ஆதரித்தே வாக்களித்தார்.

அழைத்த எல்லோருக்கும் உறுப்பினர் பெயரில் ஒரே பதில் கடிதம்: ‘உங்கள் கருத்தை மதிக்கிறேன்.’ பெயரை மட்டும் மாற்றி வெர்னா அச்சிட்டாள். கையெழுத்தை இயந்திரம் போட்டது. டெல்மரின் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மனமில்லாமல் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவன் இரண்டு முறை படித்தான்.

“இதுல நீ எழுதினது எது?”

“உன் பேரு.”

“அது மட்டுமாவது சரியா இருக்கு” என்று அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான்.