ஐஸ் பெட்டியில் இரண்டு குழாய் ரத்தம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது அண்ணனின் முழங்கை மடிப்பு. உப்புப் பாத்தியில் வெந்து கறுத்த கையில் அந்த ஓர் இடம் மட்டும் வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் அங்கேதான் ஊசியைக் குத்தினார். இரண்டு குழாய் ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்த தெர்மாகோல் பெட்டியில் நிற்க வைத்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய். அன்று புதுச்சேரியில், உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தை முதல் தடவையாக ஏற்ற வேண்டும். அது பலிக்கிறதா என்று ஸ்கேனில் தெரிய மூன்று மாதமாகும். அவனுக்கோ அதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். மரக்காணத்தில் உப்பு சீசன் தொடங்கியிருந்தது. அவன் பாத்தியை வைத்திருப்பதா, விடுவதா என்று மேஸ்திரி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஆய்வு செய்யும் பெண் டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். உடம்பின் எல்லா செல்களும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளை ரத்தத்தில் விடுகின்றன. புற்றுநோய்க் கட்டியும் விடுகிறது. அதன் பைகளின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. கட்டியைத் தாக்க வரும் எதிர்ப்பு செல்களை அது வழியிலேயே செயலிழக்கச் செய்துவிடும். மருந்துக்கு முன்னும் பின்னும் அந்தப் பைகளை ஒப்பிட்டால், பலன் உண்டா என்று சீக்கிரமே தெரியலாம். "தெரியலாம்னுதான் சொல்றேங்க. உறுதி கிடையாது" என்றார்.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் வேண்டும். பசியோடு பஸ்ஸில் வந்தால் அண்ணனுக்கு மூச்சு வாங்கும். அதனால் வீட்டிலேயே எடுத்து நான் பைக்கில் கொண்டுபோவது, அவன் சாப்பிட்டுவிட்டு அண்ணியோடு பின்னால் வருவது என்று ஏற்பாடு. டாக்டர் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருந்தேன். 'ஐஸ் கூடாது. குலுக்கக் கூடாது.' பத்திரிகை வேலையில் வந்த பழக்கம். வீட்டில் யாரிடமும் அதைப் படித்துக் காட்டவில்லை.

நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அண்ணன் பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்திருந்தான்.

"எடுத்துக்கோடா. கெட்டியா கட்டிட்டேன்."

கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால்சட்டை நனைந்திருந்தது. பார்த்தேன். நிறுத்தவில்லை.

ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ். அதன் மேல் இரண்டு கைப்பிடி கல் உப்பு. அனுமந்தையிலிருந்து மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்பும்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டுவோம். உப்பு சேர்ந்த ஐஸ் இன்னும் குளிரும். குழாய்களில் ரத்தம் ஐஸ் கட்டியாகவே உறைந்திருந்தது.

இளகியதும் மெஷினில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவப்பாக இருந்தது.

"ரத்த செல்லெல்லாம் உடைஞ்சிடுச்சுங்க. உடைஞ்ச துண்டும் அதே சைஸ்ல இருக்கும். எது கட்டியோட பை, எது துண்டுன்னு பிரிக்க முடியாது."

ஒன்பதரைக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"மீனுக்கே ஐஸ் வைக்கிறோம். ரத்தத்த சும்மா அனுப்புவாங்களாடா?"

"வைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருந்தேண்ணா."

"எழுதுன. ஊருக்கெல்லாம் நியூஸ் சொல்ற, ஊட்ல சொல்ல மாட்டியா?"

அண்ணி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டி டாக்டரிடம் நீட்டினான். "இப்ப எடுத்துக்கங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும்."

"சாப்பிட்டுட்டீங்களே. சாப்பாட்டுக் கொழுப்பும் அந்தப் பை மாதிரியே தெரியும்."

"அப்ப மருந்த நாளைக்குப் போடுங்க. காலையில பட்டினியா வர்றேன்."

"ஆய்வுக்காக மருந்தைத் தள்ளக் கூடாதுங்க. அதுக்கு எனக்கு அனுமதி இல்ல."

"ஊசி போட்டப்புறம் எடுத்தா?"

"முதல் ரத்தம் இல்லாம எதோட ஒப்பிடறது?"

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டான். பொத்தான் போட வரவில்லை, அண்ணி போட்டுவிட்டார்.

வாசலுக்குப் போய் மேஸ்திரிக்கு போன் செய்தான். "பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடுங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து, "எந்த ரூம்டா?" என்றான்.

பதினொன்று இருபதுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. ஸ்கேன் ஏப்ரலில்.