அப்பா தலைவராக இருந்த வருடம்

எங்கள் அப்பா ஒரு தலைவர் என்பது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு அவர் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற பிட்டர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவரை ஓர் ஏஜென்ட் பிடித்து, ஆப்பிரிக்காவில் இன்னொரு சிமெண்ட் ஆலைக்கு அனுப்பிவைத்தார். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் அவளுக்குப் பயம் போகவில்லை. எனக்கும் அவள் பேச்சைத் தட்ட மனமில்லை.

அங்கே நம்மூர் ஆட்கள் சிலர் சேர்ந்து ஆலை வாசலில் பொங்கல் வைத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் பேண்ட் சட்டையில் நின்றார்கள். அப்பா மட்டும் பெட்டியின் அடியில் வைத்திருந்த வெள்ளை வேட்டியையும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையையும் எடுத்துப் போட்டு, தோளில் ஒரு துண்டும் போட்டுக்கொண்டார். பண்டிகைக்கு மரியாதையாக உடுத்துவதாகத்தான் அவர் நினைத்தார். அந்த உடுப்பில் நிற்கிற ஆளை நம்மூரில் பார்த்தால் நாமே எழுந்து வழிவிடுவோம். அன்று ஆலைக்கு வந்திருந்த அந்த நாட்டு வேட்பாளர் ஒருவர் நேராக அப்பாவிடம் வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்பா பிட்டர் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ‘இந்தியத் தலைவர்கள் எல்லாம் என் நண்பர்கள், நான் ஜெயித்தால் அவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரி கட்ட வைப்பேன், டிராக்டர் வரவழைப்பேன்’ என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்தில் நிற்க ஒரு இந்தியத் தலைவர் வேண்டும். நிஜத் தலைவர் யார் போவார்? அப்பாதான் கிடைத்தார்.

சில மாதத்தில் அந்தப் படம் அங்கே சுவரெல்லாம் ஏறிவிட்டது. வீடியோ காலில் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“என்னயத் தலைவருன்னு போட்டுட்டானுங்க. நான் பிட்டருன்னா சிரிக்கிறானுங்க.”

“வேணாம்னு சொல்லிப்புடுங்க. நமக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றாள் அம்மா.

“மொதலாளிக்கு வேண்டிய ஆளு அவரு. சும்மா நின்னு கைய மட்டும் ஆட்டுன்னு சொல்றாங்க. அத மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன் அப்பா. இரண்டு கூட்டங்களில் மேடையேறிக் கையை ஆட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டேன்.

அந்த வருடம்தான் எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. குன்னத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் தவிர வேறொன்றும் தெரியாத ஊர் எங்களுடையது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றிருந்த பெரியப்பா, அம்மாவை நிறுத்தினார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பெரியப்பா அசையவில்லை. பெரம்பலூருக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதில் அந்த ஆப்பிரிக்க வேட்பாளரும் அப்பாவும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். பக்கத்தில் பெரியப்பா கும்பிட்டபடி இருந்தார். அம்மா கீழே ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைஸில் இருந்தாள். ‘ஆப்பிரிக்கத் தலைவரின் நெஞ்சம் நிறைந்த நண்பர், கடல் கடந்த தலைவரின் துணைவியாருக்கு வாக்களிப்பீர்!’ என்று எழுதியிருந்தது. நோட்டீஸிலும் அதே படம், அதே வாசகம்.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டபோது அம்மா தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. “ஒங்க வூட்டுக்காரரு அங்க மந்திரியாம்ல?” என்றுதான் கேட்டார்கள். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நோட்டீஸை நீட்டினாள். அந்த மௌனத்துக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியதும் அவள்தான். அதைப் பார்த்து அப்பா அழுதேவிட்டார். “நம்மூரு ரோட்டுல என் மூஞ்சி நிக்குது பாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ஆலையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் அந்தப் படம் அங்கே பெரிய பெரிய பலகைகளில் வந்துவிட்டது. எங்கள் ஊர் ரோட்டோரம் தன் முகம் நிற்பதைக் காட்டி, ‘இந்தியாவிலேயே எனக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்’ என்று அந்த வேட்பாளர் அங்கே ஓட்டுக் கேட்டார்.

அம்மா ஜெயித்தாள். அடுத்த மாதம் அங்கே அவர் தோற்றார்.

தோற்ற மூன்றாம் நாள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் போன் பண்ணினார். “அண்ணி, அண்ணனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்று மட்டும் சொன்னார். மற்றது பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு ஆள் தலைவர் வேஷம் போட்டுத் தேர்தலில் தலையிட்டார் என்று வழக்கு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டார்கள். அவரை மேடையேற்றியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘நான் வெறும் பிட்டருங்க’ என்று அப்பா சொன்னபோதெல்லாம் எங்கள் ஊர் ஃப்ளெக்ஸை எடுத்துக் காட்டி, சொந்த ஊரிலேயே நீ தலைவர்தானே என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சார் பொறுமையாகப் படித்துப் பார்த்தார்.

“கூலி வேலைக்குப் போனவருன்னு நாங்க எம்பஸிக்கு எழுதணும். நீங்க தலைவருன்னு ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்களேம்மா. மொதல்ல அதெல்லாம் எடுங்க.”

மறுநாளே அம்மா கிளம்பினாள். ஓட்டுக் கேட்ட அதே தெருக்களில், அதே மாதிரி கும்பிட்டுக்கொண்டு, கொடுத்த நோட்டீஸைத் திருப்பிக் கேட்டாள். “எங்க வூட்டுக்காரரு தலைவரு இல்லங்க, பிட்டருங்க. அந்த நோட்டீசு இருந்தா குடுத்துடுங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். சிலர் அலமாரியில் விரித்திருந்ததை உருவிக் கொடுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், “அப்ப என் ஓட்டையும் திருப்பிக் குடு” என்றார். அம்மா அதற்கும் கும்பிட்டாள்.

ஃப்ளெக்ஸை ஒருவர் கொல்லையில் வெங்காயத்தைக் குவித்துவைத்த பட்டறைக்கு மேல் மழைக்காகப் போர்த்தியிருந்தார். அம்மா எங்கள் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அதை எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் எரித்தாள். நான் அவளோடு நான்கு நாள் பேசவில்லை. ஊரில் எல்லோருக்கும் வெறும் அப்பாதான். எனக்கு மட்டும் ஒரு தலைவர் இருந்தார். அவரை இவளே தெருத் தெருவாக இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறாளே என்று எனக்கு அப்படியொரு கோபம்.

ஒரு வருடமும் சில மாதங்களும் ஆயின. அப்பாவை விடுகிறார்கள் என்று தகவல் வந்தபோது சித்திரை மாதம். பெரியப்பா ஒரு காரை அமர்த்தி எங்களைத் திருச்சி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். கையில் ஒரு பொன்னாடை. “வேணாம் மாமா” என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பெரியப்பாவுக்கு வேறு எப்படி ஒருவரை வரவேற்பது என்று தெரியாது, பாவம்.

நண்பகலில் ஆட்கள் வெளியே வந்தார்கள். நான் வெள்ளை வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஓர் ஒல்லியான ஆள் எங்கள் முன்னால் வந்து நின்றார். அவருக்கு வழிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். அம்மா போட்ட சத்தத்தில்தான் அது அப்பா என்று தெரிந்தது.

அவருடைய துணிமணி எதுவும் மிஞ்சவில்லையாம். அனுப்பும்போது, தேர்தலில் மீந்துபோன டி-ஷர்ட்டில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஜெயித்தவரின் படம் இருந்தது. அவர் வேறு ஏதோ நாட்டுத் தலைவரின் கையைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

“இவரும் ஒங்க ப்ரெண்டாப்பா?”

அப்பா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். “ஆமா பாப்பா. இவருதான் என்னய வூட்டுக்கு அனுப்பி வச்சாரு” என்றார்.

நான் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, “இந்தப் போட்டோவயும் ஃப்ளெக்ஸ் போடுங்க பெரியப்பா” என்றேன். அப்பா கை நீட்டிப் பெரியப்பாவிடமிருந்த பொன்னாடையை வாங்கினார். கழுத்திலிருந்து இடுப்புவரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் பிடித்தபடி காருக்கு நடந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியில் ஏறியதும் நான் டிரைவரிடம் சொன்னேன்:

“எங்கப்பாவுக்குக் குளிருதுங்க. ஏசிய நிறுத்துங்க.”