எலிக்குக் கட்டிய மஞ்சள் துணி

சோக்கை இழுத்து வைத்தபடியே ஒரு மாதம் கார் ஓட்டியிருக்கிறேன். இப்போது வரும் வண்டிகளில் அந்தக் குமிழே கிடையாது. காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் போகட்டும் என்று அதை இழுப்பார்கள். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். எங்கள் சின்ன வண்டியோ, தள்ளினால் நின்றுபோகும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டி எறணாகுளத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே அவருக்குப் படுக்கை. பிந்திப் போனால் பிந்திய நேரத்தைக் கழித்துக்கொள்வார்கள். அவரை விட்டுவிட்டு நான் கார்ப்பரேஷன் ஆபீஸுக்கு ஓடுவேன். மதியம் பர்மிஷன் போட்டுத் திரும்ப அழைக்க வருவேன். களைப்பு என்று தனியாக ஒன்று அப்போது தெரியவில்லை. கைகால் மாதிரி அதுவும் உடம்போடு இருந்தது.

பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி குலுங்கி, பானட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். சிக்னலில் நின்றால் எஞ்சின் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். பிரேக் வேறு கல்லாக இருந்தது. அதை என் முழங்கால் வலி என்றே நினைத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்த மெக்கானிக், பெட்ரோலில் தண்ணீர் என்று டேங்கைக் காலி செய்தார். அடுத்தவர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். தவிட்டு நிறத்தில் இருக்க வேண்டிய முனைகள் அரிசிமாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன. இரண்டு பேரும் என்னைக் காட்டி, சேச்சி சோக்கைத் தள்ள மறந்துவிடுகிறாள் என்று சிரித்தார்கள். மறக்கவில்லை, இழுத்தால்தான் ஓடுகிறது என்று வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஒரு வியாழக்கிழமை பாலத்து நடுவில் வண்டி நின்று, பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அன்றைக்குத்தான் அண்ணன் அதைச் சொன்னார்.

"எனக்கு மதி, போதும். இந்தச் சனியோட நிறுத்திக்கலாம். வண்டிக்கே சலிச்சு மடுத்துப் போச்சு, உனக்கு மடுக்காதா?"

நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று இருவருக்கும் தெரியும். நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை பாலத்துக்கே போய்ச் சேரவில்லை. தோப்பும்படியில் நின்றுவிட்டது. சாயாக்கடையில் இருந்த இருவர் பக்கத்துச் சின்ன ஒர்க்‌ஷாப் வரை தள்ளிவிட்டார்கள். அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: சோக்கைத் தள்ளினால் எப்படி, இழுத்தால் எப்படி? சொன்னேன்.

"அப்போ கார்புரேட்டர்ல கொழப்பமில்ல. எங்கயோ காத்து கூடுதலா ஏறுது. வயித்துல கஞ்சியில்லாம காத்தக் குடிச்சிட்டு ஓடுது சேச்சி."

மனிதர்கள் சொல்லும் இந்த மாதிரி வார்த்தைகள் எனக்கு மறப்பதில்லை. அன்று அதை ரசிக்கத்தான் நேரமில்லை.

சோக்கை இழுத்து எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கிப் பார்த்தார். பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயை, எஞ்சினில் அது தொடங்கும் இடத்தில் நசுக்கியதும் நடுக்கம் நின்றது. அங்கிருந்து விரலைக் குழாயோடு நகர்த்திக்கொண்டே போனவர், ஒரு மஞ்சள் துணி முடிச்சுக்கு முன்னால் கையை எடுத்துவிட்டார்.

"இது நேர்ச்சையா சேச்சி? தொடலாமா?"

முன்பு வண்டியைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் அந்த முடிச்சை ஒதுங்கி ஒதுங்கித்தான் வேலை செய்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் சந்துக்கு ஒரு சாமி. ஒருவர் வேண்டிக் கட்டியதை இன்னொருவர் கை அவிழ்க்காது.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எலிக்கு. உள்ள புகையிலை, அந்த வாடைக்கு எலி அண்டாது. நான்தான் கட்டினேன்," என்றார் அண்ணன்.

யூதர்கள் இருந்த ஜூ டவுனில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் எங்கள் வீடு. கிடங்கு எலி ஒருமுறை வயரைக் கடித்துவிட்டது. வேறு வேலை எதுவும் செய்ய முடியாத அண்ணன் வண்டிக்காகச் செய்த ஒரே காரியம் அந்த முடிச்சு. கழன்றுவிடக் கூடாது என்று கம்பியால் இறுக்கியிருந்தார். சூட்டிலும் குலுக்கலிலும் அந்தக் கம்பி ரப்பரைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. பிரேக் கல்லானதும் இதனால்தான், சட்டென்று நிறுத்த வேண்டி வராதது உங்கள் பாக்கியம் என்றார் மெக்கானிக்.

மெக்கானிக் கழற்றி ஜன்னலில் நீட்டிய கம்பியையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் இதோட அவுத்து விட்டுரு. வண்டி நல்லா ஓடும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பானட்டில் கையூன்றி நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது.

மெக்கானிக் வேறு குழாயை அளந்து வெட்டி, மாட்டி, கிளிப்பை முறுக்கினார். பிறகு நிமிராமலே சொன்னார்: "எலி ஊரைவிட்டுப் போகலையே சேட்டா. நாளைக்கும் வரும். இறங்கி வந்து கட்டுங்க. பேட்டரிச் சட்டத்துல, சணல்ல. ரப்பர்ல வேண்டாம்."

ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையோடு அண்ணன் இறங்கி வந்தார். முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று. மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வாட்சை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

குமிழை உள்ளே தள்ளிவிட்டுப் பாலம் ஏறினேன். வண்டி குலுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸின் வசவைக் கேட்டுக்கொண்டோம்; நாற்பது நிமிடம் குறைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வந்த அண்ணன், பாலம் இறங்கியதும் பேசினார்.

"புகையிலை காஞ்சு போச்சு, எலிக்கு மணக்காது. செவ்வாய்க்கிழமை போறதுக்குள்ள மாத்திக் கட்டணும்."

எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன். சொன்னார். ஆபீஸுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. இருந்தாலும் முதலில் அங்கேதான் வண்டியைத் திருப்பினேன்.