வெங்காயக் காட்டுக்குள் போன பிளசர்

எங்கள் அப்பா கார் ஓட்டும் அழகைப் பார்த்தால் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறார் என்றுதான் தோன்றும். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கால்வட்டம், அந்தப் பக்கம் கால்வட்டம் என்று ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த வண்டி நேராகப் போகும். ஆட்டுவதை நிறுத்தினால் ஏதாவது ஒரு புளியமரத்தை நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும். உருண்டை மூக்கும் சோபா மாதிரி முன்சீட்டும் உள்ள, அந்தக் காலத்துக் கார். குன்னம் வட்டாரத்தில் அதைக் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பிளசர் என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, பிரசவம் எல்லாவற்றுக்கும் வாடகைக்குப் போகும். கார் என்றாலே அப்படி ஆட்டித்தான் ஓட்ட வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கார் விளையாட்டு விளையாடும்போதும் ஆட்டிக்கொண்டேதான் ஓட்டுவேன்.

நான் நாலாவது படித்த வருடம் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சித்தி அம்மாவின் தங்கை. அம்மாவுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே தெரு என்பதால் சித்தி பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். பன்னிரண்டாவது முடித்து, திருச்சியில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடமும் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தாத்தா, வரதராஜன்பேட்டையில் லாரி வைத்திருக்கும் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதென்று முடிவு செய்தார். மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் கல்யாணம். முன்நெற்றி முழுக்கக் காலி. சித்தி சாப்பிடுவதை நிறுத்தினாள், தாத்தா அதைக் கவனிக்கவில்லை. தாத்தாவை மறுத்துப் பேசும் தைரியம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது. அவர் அடங்குவது ஒன்றே ஒன்றுக்குத்தான், சகுனம். யாராவது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால், வந்த பஸ்ஸை அனுப்பிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். பிடித்தால் அங்கே கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். இலையில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் யார் அழுதும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை கை நனைக்கப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் அப்பா திடீரென்று வண்டியைப் பெரம்பலூருக்கு எடுத்தார். பள்ளிக்கூடம் லீவு, பன்னும் டீயும் கிடைக்கும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குக்கு ஒரே சந்தோஷம்.

"வருசக்கணக்கா கத்துறேன், காதுலயே வாங்கல. இன்னிக்கு என்னாங்க அதிசயம்?"

"ஒரு நூல் ஆட்டம்கூட இருக்கப்படாது. என்னா ஆவுமோ ஆவட்டும், பண்ணு" என்றார் அப்பா.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் தேய்ந்துபோன பால் ஜாயிண்ட்டுகளைக் கழற்றிப் போட்டு, புதுசு மாட்டி, ஸ்டீயரிங் பாக்ஸை முடுக்கினார். சாயங்காலம் ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் தள்ளிக் காட்டினார். விரல் அசைந்தவுடன் முன்சக்கரம் அசைந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டத்துல சடார்னு ஒடிச்சா, நான் நெனச்ச எடத்துக்குப் போவுமா?"

"கோடு போட்டாப்ல போவும். ஏன், எங்க போவப் போறீங்க?"

அப்பா சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

திரும்பும்போது அப்பாவின் கைகள் ஸ்டீயரிங்மேல் சும்மா இருந்தன. வண்டி நேராகப் போனது. எனக்குப் பயமாகவே இருந்தது, ஐயோ ஆட்ட மறந்துவிட்டாரே என்று. ஊர் வந்தும் நிற்காமல் அரியலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு வயலோரம் நிறுத்தினார். வெங்காயம் பிடுங்கி, உழுதுபோட்ட கரிசல் காடு. ரோட்டோரம் இரண்டு பனைமரங்கள். அப்பா இரண்டுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார், மண்ணைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார், காட்டுக்காரரோடு ஏதோ குசுகுசுத்தார். ஒன்றுக்குப் போக இடம் தேடுகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்துத் தட்டு, பழம், பூவோடு கிளம்பினோம். முன்சீட்டில் தாத்தா, பின்னால் அம்மாவும் தாத்தாவின் பங்காளி ஒருவரும். என்னைப் பார்த்ததும் அப்பா, "நீ வேணாம், வூட்லயே இரு" என்றார். நான் கேட்டு ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாத மனுஷன்! நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். தாத்தா, "கெளம்புறப்ப கொழந்தய அழ வுடாதீங்க மாப்ள, ஏத்துங்க" என்றார். அம்மா என்னை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பூட்டிக்கொண்டாள். சித்தி வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

வண்டி ரோட்டில் ஏறியதும் எனக்கு ஆச்சரியம். அப்பா மறுபடியும் மாவு ஆட்டத் தொடங்கிவிட்டார்! வண்டி ரோட்டில் நெளிந்து நெளிந்து போனது.

"என்னாங்க மாப்ள, ஆட்டம் இன்னும் போவலயா?" என்றார் தாத்தா.

"பழைய வண்டிங்க மாமா. எங்க போவுது?"

"நேத்துதானப்பா சரி பண்ணுனோம்" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள். தட்டில் வைத்த பழம்! சம்பந்தி வீட்டுக்குப் போகும் பழத்தில் கை வைத்தால் முதுகுத்தோல் உரியும் என்று காலையில் மிரட்டியவளே அம்மாதான்.

எதிரே ஒரு சிமெண்ட் லாரி வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து அது போகும்வரை காத்திருந்தார். ரோடு காலியானது. பனைமரங்கள் வந்தன. "ஐயய்யோ, புடிச்சுக்குங்க மாமா!" என்று கத்திக்கொண்டே அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி இரண்டு பனைகளுக்கும் நடுவே, இந்தப் பக்கமும் உரசாமல் அந்தப் பக்கமும் உரசாமல் பாய்ந்து, வெங்காயக் காட்டுக்குள் குதித்து, அச்சுவரை புதைந்து நின்றது. வாழைப்பழம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு தாத்தாவின் காலடிக்கு வந்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் தாத்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அழக்கூட வரவில்லை.

அதைவிட அதிர்ச்சி அடுத்து வந்தது. அப்பா இறங்கித் தலையில் அடித்துக்கொண்டு, "ஸ்டீயரிங் லூசு மாமா, கைல நிக்கல. எல்லாம் என் தப்பு" என்றார். என் அப்பா பொய் சொல்கிறார்! பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்பவர், வெயிலில் நின்று, பெரியவர் முகத்தைப் பார்த்து, கூசாமல் சொல்கிறார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுக்காரர் டிராக்டரோடு தயாராக நின்றிருந்தார். "அடப்பாவி, என் காட்டக் கெடுத்துட்டியே!" என்று அவர் கத்தியது பள்ளிக்கூட நாடகத்தில் நாங்கள் பேசுவதைவிட மோசமாக இருந்தது.

தாத்தா வரப்பில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சித்தியின் வாழ்க்கை அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பசிக்கிறதே, எப்போது கிளம்புவோம் என்பதுதான் என் கவலை.

"வேணாம்" என்றார் கடைசியில். "கை நனைக்கப் போற வழியிலயே சாமி மறிச்சிருச்சு. இந்தச் சம்பந்தம் வேணாம்."

பங்காளி பஸ் ஏறிப்போய் வரதராஜன்பேட்டையில் விஷயத்தைச் சொன்னார். அவர்களும் சகுனம் பார்க்கிறவர்கள்தான். தப்பித்தோம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்ல சகுனமாக இன்னொரு வரன் அமையும்வரை பெண் சும்மா இருப்பானேன், போய்ப் படிக்கட்டும் என்றார் தாத்தா. தானாகவே சொன்னதுபோல்தான் சொன்னார்.

ட்ரெயினிங் தொடங்கும்போது டிரங்குப் பெட்டியோடு சித்தியைத் திருச்சியில் விடப் போனதும் அதே பிளசர்தான். பெரம்பலூர், பாடாலூர் வழியாகப் போயிருக்கலாம். அப்பா வேண்டுமென்றே அரியலூர் வழியாகப் போனார். முன்சீட்டில் அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் நான். பனைமரங்கள் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தினார்.

சித்தி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனூண்டு சந்துதானா? பயமா இல்லயா மாமா, உள்ள அக்காவும் கொழந்தயும் இருந்தாங்களே?"

"பயம் இல்லாமயா? முந்துன ராத்திரி தூங்கல. ஆனா ஸ்டீயரிங்ல ஒரு நூல் ஆட்டம் இல்லம்மா. நான் நெனச்ச எடத்துக்குப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவிடம் லூசு, சித்தியிடம் ஒரு நூல் ஆட்டம் இல்லையாம்! இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை இனியும் அடக்க முடியவில்லை.

"அப்பறம் எதுக்குப்பா நாம காட்டுக்குள்ள போனோம்?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை இழுத்து அணைத்து, விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். அப்படி நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று திருச்சி போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் புரியவில்லை.