யாருடைய நாடு முதலில்

நொர்வேயில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பெரிய இயந்திரத்தின் ஒரு பக்கம் பிலேந்திரன், மறுபக்கம் டெக்லன். பதினொரு வருடம் அப்படித்தான் நின்றார்கள். பிலேந்திரனுக்கு மன்னார்த் தீவின் பேசாலை, டெக்லனுக்கு வட அயர்லாந்தின் டெரி. ஞாயிறு பூசைக்கும் ஒரே கோவில்தான். இருவரும் கதைத்தது நொர்வேஜிய மொழியில். இரண்டு பேருடைய நொர்வேஜியமும் கேட்கச் சகிக்காது, ஆனால் ஒருவருடையது மற்றவருக்கு அச்சொட்டாக விளங்கும்.

அவர்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. தொடக்கியவர் பிலேந்திரன்.

“நீங்கள் ரெண்டு அயர்லாந்தையும் ஒட்டுறதுக்கு நிக்கிறியள், நாங்கள் தமிழருக்கெண்டு ஒரு நாட்டைப் பிரிக்கிறதுக்கு நிக்கிறம். ஆருக்கு முதல் கிடைக்குதோ, அவன் மற்றவனைக் கூட்டிக்கொண்டுபோய் நாட்டைக் காட்ட வேணும்.”

டெக்லன் சிரித்துக்கொண்டு ஈரக் கையை நீட்டிக் குலுக்கினார். அன்றிலிருந்து பிலேந்திரனுக்கு டெக்லன் வெறும் வேலைத்தோழன் இல்லை, சாட்சி. எண்ணூறு வருடம் காத்திருக்கிற ஐரிஷ் சனம் இருக்கும்போது நாங்கள் களைக்கலாமா என்று, எங்கள் சனம் குடியிருக்கிற அம்மருட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். டெக்லன் அப்படி எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பந்தயத்தை மனுசன் விளையாட்டாக எடுத்திருந்தால் நான் ஏன் இதைச் சொல்கிறேன்? மனைவி மரியகொறற்றியும் மகள் நோராவும் எப்போதோ நொர்வே பாஸ்போட் எடுத்துவிட்டார்கள். பிலேந்திரன் மட்டும் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தோடு இருந்தார். அதை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் போகலாம், சொந்த ஊருக்கு மட்டும் போக முடியாது. குடியுரிமை விண்ணப்பத்தைக் கொறற்றியே வாங்கி, நிரப்பி, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று கொடுத்திருந்தார். அது நான்கு வருடமாக மடு மாதா படத்துக்குப் பின்னால் கிடந்தது.

“திரும்பிப் போற மனுசன் பிள்ளைக்கு நோரா எண்டு நொர்வேப் பேர் ஏன் வைச்சனீங்கள்?” என்று கொறற்றி கேட்பார். 

ஊரில் அவருக்கு இருந்தது ஒரே அக்கா, மரியரஞ்சனி. தாய் கண்ணை மூடியபோது பிலேந்திரனுக்கு மூன்று வயது. தூக்கி வளர்த்தது அக்காதான். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றதும் அக்கா தொலைபேசியில் கேட்டார்.

“தம்பி, பாதை திறந்திட்டுது. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவன்.”

“கொஞ்சம் பொறு அக்கா. நான் எங்கட நாட்டுப் பாஸ்போட்டிலை வாறன்.”

அதற்குப் பிறகு வந்த நான்கு நத்தார்ப் பண்டிகைக்கும் அக்கா கேட்டார், நான்குக்கும் இதே பதில். அம்மருட்டில் பாதிச் சனம் நொர்வே பாஸ்போட்டில் ஊருக்குப் போய், கருவாட்டோடும் படங்களோடும் திரும்பி வந்தது. அந்தப் படங்களைப் பார்க்கவும் பிலேந்திரன் மறுத்தார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசியில், நோராவுக்குப் பாடசாலையில் ஒரு புறொசெக்ட் கொடுத்தார்கள். அயர்லாந்து ஒன்றாவதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பத்திரிகைக் கணிப்புகளை எல்லாம் தேடி எடுத்தபின், உயிரோடு ஒரு ஆள் வேண்டும் என்றாள். பிலேந்திரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, அப்படி ஒரு புளுகம். ஞாயிறு மத்தியானமே டெக்லனைக் கூட்டிவந்து, இடியப்பத்தையும் மீன் சொதியையும் முன்னால் வைத்தார்.

நோரா தாளை எடுத்தாள். “ரெண்டு கேள்விதான். ரெண்டையும் தனித்தனியாக் கேக்க வேணும். நாடு ஒண்டாக வேணும் எண்டு விரும்புறீங்களா?”

டெக்லன் விரலைத் துடைத்துக்கொண்டார். “முந்தி விரும்பினனான். இப்ப இல்லை.”

பிலேந்திரன் மகளைப் பார்த்தார். “நீ கேள்வியைச் சரியாக் கேக்கேல்லை. திருப்பிக் கேள்.”

“சரியாத்தான் கேட்டவள்,” என்றார் டெக்லன். “அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. பிரிட்டிஷ் ஆட்சியிலை ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் காசில்லாமல் நடக்குது. தெருவிலை வெடிச்சத்தம் இல்லை. அதை ஆட்டிப் பாக்க எனக்கு மனமில்லை. என்னைப்போலை கன கத்தோலிக்கர் இருக்கினம்.”

“ஒரு நாள் நடக்கும் எண்டு நினைக்கிறீங்களா?” நோரா இரண்டாவது கேள்விக்குப் போனாள்.

“நடக்கலாம். நான் செத்தபிறகு.”

“அப்ப பதினொரு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று பிலேந்திரன் கேட்டார். 

“நீ ஆசையாக் கதைச்சாய். கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.”

“ஊருக்கு எந்தப் பாஸ்போட்டிலை போறனீ? பிரிட்டிஷா, ஐரிஷா?” என்றார் பிலேந்திரன்.

“எது காலாவதியாகேல்லையோ அதிலை. அம்மா பாஸ்போட்டையா பாக்கிறா? கதவைத் திறந்து என்னைத்தான் பாக்கிறா. வருசத்திலை ரெண்டு தரம்.”

டெக்லன் போனபின் நோரா அதே இரண்டு கேள்வியையும் தகப்பனிடம் கேட்டாள், எங்கள் நாட்டைப் பற்றி. முதல் கேள்விக்கு அவள் முடிக்க முன்னரே “ஓம்” என்றார். இரண்டாவதுக்கு எழும்பிப் போய் டெக்லன் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தொடங்கினார். அவள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை மடித்தாள். பிள்ளை நல்ல பிள்ளை.

அடுத்த நாள் காலை வேலைக்குப் புறப்படும்போது மாதா படத்துக்குப் பின்னாலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். கொறற்றி பார்த்தும் பார்க்காததுபோல் தேத்தண்ணி ஊற்றினார். பொலிஸ் நிலையத்தில் அதை வாங்கிய பெண், முடிவு வர ஒரு வருடம் செல்லலாம் என்றாள். நான்கு வருடம் பொறுத்தவருக்கு ஒரு வருடம் பெரிதாகத் தெரிந்தது, முதல் தடவையாக.

ஆனியில் மன்னார்ப் பக்கம் மறுபடி வெடிக்கத் தொடங்கியது. சனம் பேசாலைக் கோவிலுக்குள் ஓடிவிட்டதாகச் செய்தி வந்தது. ஒன்பது நாளாக அக்காவின் தொலைபேசி எடுபடவில்லை. இயந்திரத்தின் மறுபக்கம் நின்ற டெக்லன், பிலேந்திரனின் தட்டுகளையும் சேர்த்துத் தானே அடுக்கினார். 

பத்தாம் நாள் பின்னேரம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மறுமுனையில் அக்கா.

“அக்கா, நான் கையெழுத்து வைச்சிட்டன். நொர்வேப் பாஸ்போட்தான். வாற வருசம் கட்டாயம் வாறன், வீட்டுக்கே வாறன்.”

அக்காவுக்குப் பின்னால் பலர் வரிசையில் நின்று சத்தம் போடுவது கேட்டது.

“நான் இந்தியாவிலை நிக்கிறன் தம்பி. மண்டபம் அகதி முகாம். இரவோடை இரவா படகிலை வந்தனாங்கள். வீட்டை விட்டிட்டன்,” என்றார். “நீ எங்கை வாறாய்?”